“வாலிபால் விளையாடுவதில்லை”: போலிஷில் இந்த ஒரு வரியில் மாட்டிக்கொண்டேன்

பல்லடத்துத் தம்பி

எல்லாருக்கும் வணக்கமுங்க. ஊர் பல்லடத்துக்குப் பக்கம். அப்பா காடா துணிக்கு 12 விசைத்தறி ஓட்டுகிறார். நான் ஜவுளித் தொழில்நுட்பத்தில் மேற்படிப்புக்காகப் போன அக்டோபரில் போலந்து வந்தேன். நான் இருக்கும் ஊரின் பெயரை எழுத்தில் பார்த்தால் ‘லோட்ஸ்’ மாதிரி இருக்கும், வாயில் சொல்லும்போது ‘வூச்’. படகு என்று அர்த்தம். 19-ஆம் நூற்றாண்டிலிருந்தே பஞ்சாலைக்குப் பேர் போன ஊர். போலந்தின் மான்செஸ்டர் என்கிறார்கள். கோயமுத்தூரைத் தென்னிந்தியாவின் மான்செஸ்டர் என்று கேட்டு வளர்ந்தவனுக்குச் சிவப்புச் செங்கல் மில் கட்டடங்களைப் பார்த்த முதல் நாளே ஊர் ஒட்டிக்கொண்டது. பாஷைதான் இன்னும் ஒட்டவில்லை.

சனிக்கிழமை சாயங்காலம் ஒரு பள்ளிக்கூடத்து உள்ளரங்கில் வாலிபால் ஆடுகிறோம். ஊரில் மாரியம்மன் கோயில் பொட்டலில் இரண்டு வேப்பமரத்துக்கு நடுவில் வலை கட்டி ஆடிய கை. பந்தைத் தொட்டால் பாஷை தெரியாத குறையே தெரிவதில்லை. போன மாதம் தோள்பட்டை பிடித்துக்கொண்டு இரண்டு வாரம் ஆட முடியவில்லை. ‘இந்த வாரம் நான் விளையாடவில்லை’ என்று சேக்காளிகளிடம் அவர்கள் பாஷையிலேயே சொல்ல ஆசைப்பட்டேன். அங்கேதான் சிக்கல்.

வாலிபாலுக்குப் போலிஷில் ‘ஷத்குஃப்கா’. வகுப்பில் சொல்லிக்கொடுத்தது இது:

லுபியெ ஷத்குஃப்கெ. (வாலிபால் பிடிக்கும்.)
நியெ லுபியெ ஷத்குஃப்கி. (வாலிபால் பிடிக்காது.)
க்ராம் ஃப் ஷத்குஃப்கெ. (வாலிபால் விளையாடுகிறேன்.)

‘நியெ’ என்பது நம் ‘இல்லை’ மாதிரி, வினைக்கு முன்னால் வரும். ‘நியெ வந்தால் கடைசி கெ போய் கி வரும்’ என்று நோட்டில் கட்டம் கட்டி எழுதி வைத்திருந்தேன். அதே கணக்கில் ‘நியெ க்ராம் ஃப் ஷத்குஃப்கி’ என்று வீட்டுப்பாடத்தில் எழுதினேன். சிவப்பு மையில் ‘கி’யை அடித்து ‘கெ’ என்று திருத்தி வந்திருக்கிறது. விளக்கத்தைப் போலிஷிலேயே வேகமாகச் சொல்லிவிட்டு அடுத்த பாடத்துக்குப் போய்விட்டார்கள்.

இரண்டிலும் ‘நியெ’ இருக்கிறது. இரண்டிலும் அதே வாலிபால். ஒன்றில் மாறுகிறது, இன்னொன்றில் மாறவில்லை. விதிவிலக்கு என்று மனப்பாடம் செய்ய எனக்கு மனசு வரவில்லை. காரணம் தெரிந்தவர்கள் சொல்லுங்க.

திருப்பூர் மெர்ச்சண்டைசர்

தம்பி, சரக்கு வாங்கும் போலந்து பையர்களோடு வேலை பார்த்துக் கொஞ்சம் கற்றுக்கொண்டவன் நான். தெரிந்ததைச் சொல்கிறேன்.

‘கா’ என்பது சும்மா பெயர், எழுவாய். ‘கெ’ என்பது நம் ‘ஐ’, வாலிபாலை. ‘கி’ என்பது ‘உடைய’. அவர்களுக்கு மொத்தம் ஏழு வேற்றுமை. நாம் பேசும்போது ‘வாலிபால் விளையாடறேன்’ என்று ‘ஐ’யை விட்டுவிடுகிறோம், அவர்கள் விடவே மாட்டார்கள். எனக்கு முதல் வருஷம் முழுக்க இந்த ஒரு இடத்தில்தான் தப்பு வந்தது.

‘நியெ’ வந்தால் ‘கி’ என்றுதான் எனக்கும் சொல்லிக்கொடுத்தார்கள். உங்கள் மூன்றாவது வரி மட்டும் ஏன் தப்பித்தது என்று எனக்குப் பிடிபடவில்லை. ‘ஃப்’ என்று ஒன்று நடுவில் நிற்கிறதே, அதில்தான் விஷயம் இருக்கும் என்று நினைக்கிறேன்.

கோபி அக்கா

மெர்ச்சண்டைசர் தம்பி கை வைத்த இடம் சரியான இடம். விஷயம் அந்த ‘ஃப்’பில்தான் இருக்கிறது.

நான் வ்ரொத்ஸ்வாஃப் நகரத்தில் ஒன்பது வருஷம் இருந்தேன். இப்போது கோபியில் வீட்டிலிருந்தபடி, போலந்து போகிற பிள்ளைகளுக்குப் பாடம் எடுக்கிறேன். இந்தக் கேள்வியை ஒவ்வொரு குழுவிலும் யாராவது ஒருவர் கேட்பார். கேட்காத குழுவில் நானே கேட்பேன். இது புரிந்தால் போலிஷ் இலக்கணத்தில் பாதி பயம் போய்விடும்.

தம்பி, நீங்கள் ‘நியெ’யையே பார்த்துக்கொண்டிருக்கிறீர்கள். அதை விட்டுவிட்டு, ‘ஷத்குஃப்கா’வின் கையை யார் பிடித்திருக்கிறார்கள் என்று பாருங்கள்.

முதல் வாக்கியத்தில் ‘லுபியெ’ என்ற வினை நேரடியாகப் பிடித்திருக்கிறது. நமக்கு இது சட்டென்று தெரியாது. ‘எனக்கு வாலிபால் பிடிக்கும்’ என்று நாம் ‘எனக்கு’ போட்டுச் சொல்கிறோம், அதனால் வாலிபால் அங்கே எழுவாய் மாதிரி உட்கார்ந்திருக்கும். போலிஷில் அது ‘நான் வாலிபாலை விரும்புகிறேன்’ என்ற அமைப்பு. வினைக்கும் பெயருக்கும் நடுவில் யாரும் இல்லை. அந்த வினையை ‘நியெ’ மறுக்கும்போது, அது நேராகப் பிடித்திருந்த பெயர் இரண்டாம் வேற்றுமையிலிருந்து ஆறாம் வேற்றுமைக்குப் போய்விடும். கெ, கி ஆகிறது.

‘க்ராம்’ அப்படி இல்லை. அது பெயரைத் தொடுவதே இல்லை. ‘ஃப்’பைப் பிடித்திருக்கிறது, ‘ஃப்’தான் பெயரைப் பிடித்திருக்கிறது. தோட்டத்தைக் குத்தகைக்கு விட்டுவிட்டால், உள்ளே மஞ்சள் போடுவதா கரும்பு போடுவதா என்பது குத்தகைக்காரர் முடிவு. உரிமைக்காரர் வீட்டில் என்ன நடந்தாலும் வெள்ளாமை மாறாது. ‘நியெ’ வந்து ‘க்ராம்’ வீட்டுக் கதவைத்தான் தட்டுகிறது. தோட்டத்துக்குள் ‘ஃப்’ இருக்கிறது, அது கேட்பது ‘கெ’, எனவே ‘கெ’ அப்படியே நிற்கிறது. நியெ க்ராம் ஃப் ஷத்குஃப்கெ.

சோதித்துப் பாருங்கள். ‘மாம் பிவ்கெ’ என்றால் என்னிடம் பந்து இருக்கிறது. நேர்ப் பிடி. எனவே ‘நியெ மாம் பிவ்கி’, என்னிடம் பந்து இல்லை. ‘ஷுக்காம் பிவ்கி’ என்றால் பந்தைத் தேடுகிறேன். ‘தேடு’ என்ற அந்த வினை முதலிலேயே ஆறாம் வேற்றுமையைத்தான் கேட்கும், ஆகவே மறுத்தாலும் மாற்ற ஒன்றும் இல்லை: ‘நியெ ஷுக்காம் பிவ்கி’. நேராகப் பிடித்த இரண்டாம் வேற்றுமை ஒன்றைத்தான் ‘நியெ’ மாற்றும்.

இதோடு மைதானத்தில் தினமும் கேட்கிற ஒரு வாக்கியத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ‘நியெ மா பிவ்கி’, பந்து இல்லை. ‘பிவ்கா’ எழுவாயாக இருந்திருக்க வேண்டிய இடம், ஆனாலும் ‘பிவ்கி’. இல்லாத பொருளுக்குப் போலிஷ்காரர்கள் ஆறாம் வேற்றுமை கொடுக்கிறார்கள். உடைமை, அளவு, இல்லாமை மூன்றுக்கும் அந்த ஒரே உருபு. தம்பியின் பந்து, ஒரு டம்ளர் தண்ணீர், பந்து இல்லை, எல்லாம் அதே வீடு. இதைக் கேட்டுக் கேட்டுப் பழகிய பிறகு, ‘நியெ லுபியெ ஷத்குஃப்கி’யும் எனக்கு இயல்பாகவே காதில் விழ ஆரம்பித்தது.

இனி அந்த ‘ஃப்’. இது தனி ஆள் இல்லை, ‘வ்’ என்பதன் மாற்று ஒலி. அடுத்து வரும் மெய் தொண்டை அதிராமல் ஒலிப்பதாக இருந்தால் ‘ஃப்’ என்று ஒலிக்கும், எழுத்து ஒன்றேதான். ‘வ் ட்ருஷினியெ’ என்றால் ‘அணியில்’. அங்கே அது ஏழாம் வேற்றுமை கேட்கிறது. விளையாட்டுக்கு வரும்போது இரண்டாம் வேற்றுமை கேட்கிறது. ஏன்? ஒரே சொல், நிற்கும் இடத்தைச் சொன்னால் ஒரு வேற்றுமை, உள்ளே போவதைச் சொன்னால் இன்னொன்று. ‘வ் லெஷெ’ காட்டுக்குள் இருப்பது, ‘வ் லாஸ்’ காட்டுக்குள் போவது. நாமும் ‘களத்தில் இருக்கிறான்’, ‘களத்தில் இறங்கினான்’ என்கிறோம், ஆனால் ‘இல்’ மாறாது. அவர்கள் உருபை மாற்றிக் காட்டுகிறார்கள். விளையாட்டை உள்ளே போகிற அந்த இரண்டாவது வகையில் வைத்துவிட்டார்கள். போலிஷ்காரர்கள் பேசும்போது இப்படி யோசிப்பதில்லை, ஆனால் நமக்கு ஞாபகம் வைக்க இது உதவும். கிதார் வாசிக்கவும் அதே ‘க்ராம்’தான், அங்கே மட்டும் ‘வ்’ வராது, ‘நா’ வரும்: ‘க்ராம் நா கிதாஷெ’. ஆட்டத்துக்குள் இறங்குகிறோம், கிதார் மேல் கை வைக்கிறோம்.

ஒரு எச்சரிக்கை. நம் ஊரில் வாலிபாலைக் கைப்பந்து என்று எழுதுகிறோம். அதை அப்படியே சொல்லுக்குச் சொல் மாற்றி ‘பிவ்கா ரென்ச்னா’ என்று சொல்லிவிடாதீர்கள், அது கோல் போடுகிற ஹேண்ட்பால். ‘ஷத்குஃப்கா’ என்ற பெயர் ‘ஷத்கா’ என்ற வலையிலிருந்து வந்தது. கூடையான ‘கொஷிக்’கிலிருந்து ‘கொஷிகுஃப்கா’, கூடைப்பந்து.

பல்லடத்துத் தம்பி

அக்கா, குத்தகைக் கதையை அப்பாவுக்கு போனில் சொன்னேன். ‘அப்படின்னா அந்த ஃப் நல்ல குத்தகைக்காரன்’ என்றார். எனக்குத் தெளிந்துவிட்டதுங்க்கா. கட்டம் கட்டி எழுதியதை அடித்துவிட்டு ‘யார் கை பிடித்திருக்கிறார்கள்’ என்று எழுதிக்கொண்டேன்.

இன்னும் இரண்டு இருக்கிறது, கோபித்துக்கொள்ளாதீர்கள். ஒன்று, ‘க்ராம் ஃப் க்ரிக்கியெத்’ என்று எழுதினேன், கடைசியில் ஒரு ‘ஆ’ சேர்த்துத் திருத்தினார்கள். கிரிக்கெட் என்ன பாவம் செய்தது? இரண்டு, என் தங்கச்சி கல்லூரி அணியில் ஆடுகிறாள். ‘பெண்கள் விளையாடினார்கள்’ என்பதற்கு ‘ஜெஃப்சினி க்ராலி’ என்று எழுதினேன். ‘க்ராலி’யை அடித்து ‘க்ராவி’ என்று போட்டார்கள். பையன்களுக்கு ‘க்ராலி’ சரி என்கிறார்கள்.

கோபி அக்கா

கிரிக்கெட்டுக்கு உயிர் கொடுத்துவிட்டார்கள் தம்பி, அவ்வளவுதான்.

ஆண்பால் பெயர்களில் உயிருள்ளதற்கு ஒரு வழி, உயிரில்லாததற்கு ஒரு வழி. ‘விட்ஸெ டோம்’, வீடு பார்க்கிறேன். டோம் மாறவில்லை. ‘விட்ஸெ ப்ஸா’, நாயைப் பார்க்கிறேன். ‘பியெஸ்’ என்ற நாய் ‘ப்ஸா’ ஆகிவிட்டது. நாமும் ‘வீடு பார்த்தேன்’ என்போம், ‘நாயைப் பார்த்தேன்’ என்போம். உயிருள்ளதற்கு உருபு கேட்கும் காது நமக்கும் உண்டு.

டென்னிஸ், கோல்ஃப், ஹாக்கி, கிரிக்கெட் எல்லாம் ஆண்பால் பெயர்கள். இவற்றை விளையாடுகிறேன் என்னும்போது உயிருள்ளது மாதிரி நடத்தி ‘ஆ’ சேர்ப்பார்கள். க்ராம் ஃப் க்ரிக்கியெத்தா. ஊர் ஆட்டம் ஒன்று மட்டும் உங்களைத் தொந்தரவு செய்யாது: ‘க்ராம் ஃப் கபடி’. ‘இ’யில் முடிகிற அந்நியச் சொல், எந்த உருபும் ஏற்காது. 2016-இல் அகமதாபாத்தில் நடந்த கபடி உலகக் கோப்பையில் ஆடிய 12 அணிகளில் போலந்தும் ஒன்று, அதனால் சொன்னால் புரிந்துகொள்ள ஆள் இருக்கிறது.

இரண்டாவது கேள்வியைத் தமிழ் படித்தவர் யாராவது எடுத்துக்கொண்டால் நன்றாக இருக்கும். திணை சம்பந்தப்பட்டது.

ஈரோட்டு வாத்தியார்

எனக்குப் போலிஷ் தெரியாது. தமிழ் இலக்கணம் 31 வருஷம் நடத்தியவன். அம்மிணி எழுதியதைக் காலையிலிருந்து மூன்று தடவை படித்துவிட்டேன். அவர் தந்த விவரத்தை வைத்துச் சொல்கிறேன், தவறு இருந்தால் திருத்துங்கள்.

நமக்கு உயர்திணை என்றால் ஆண், பெண் இருவரும். ‘பையன்கள் விளையாடினார்கள், பெண்கள் விளையாடினார்கள்’, ஒரே விகுதி. ‘கன்றுகள் விளையாடின’, இது அஃறிணை. பிரிக்கும் கோட்டை மனிதருக்கும் மற்றவற்றுக்கும் நடுவில் போட்டோம். அவர்கள் பன்மையில் கோட்டை வேறு இடத்தில் போட்டிருக்கிறார்கள் போலிருக்கிறது. ஆண்கள் இருக்கும் கூட்டத்துக்கு ‘க்ராலி’. பெண்கள் மட்டும் என்றால், கன்று, நாய், மரம் இவற்றோடு சேர்ந்து ‘க்ராவி’. சரிதானா அம்மிணி? சரி என்றால், பெண்பிள்ளைகளை அந்தப் பக்கம் நிறுத்தியது எனக்கு வருத்தமாகத்தான் இருக்கிறது. ஆனால் இலக்கணம் எப்படி இருக்கிறதோ அப்படித்தான் கற்க வேண்டும்.

இன்னொன்று கேட்க வேண்டும். நம் மூன்றாம் வேற்றுமைக்கு ‘ஆல்’ என்றும் ‘ஓடு’ என்றும் இரண்டு பொருள். கையால் அடித்தான், அண்ணனோடு வந்தான். கருவியும் துணையும் ஏன் ஒரே வேற்றுமை என்று மாணவர்கள் கேட்பார்கள். அந்த மொழியில் இவை எப்படி?

கோபி அக்கா

ஐயா சொன்னது அப்படியே சரிங்க. ஒரே ஒரு ஆண் இருந்தாலும் கூட்டம் முழுக்க ‘க்ராலி’. தம்பி ஆடுகிற அணியில் நான்கு பெண்களும் இரண்டு பையன்களும் இருந்தால் ‘நாங்கள் விளையாடினோம்’ என்பது ‘க்ராலிஷ்மி’. தங்கச்சி தன் அணியைச் சொல்லும்போது ‘க்ராவிஷ்மி’. இதெல்லாம் இறந்தகால வினையில். நிகழ்காலத்தில் ‘விளையாடுகிறார்கள்’ எல்லாருக்கும் ‘க்ராயோன்’, அங்கே கோடு இல்லை. ஒருமையில் நம்மைப் போலத்தான்: க்ராவ், க்ராவா, க்ராவோ. விளையாடினான், விளையாடினாள், விளையாடியது. ஆனால் தன்மையிலும் பால் காட்டுவார்கள், அது நம்மிடம் இல்லை. ஆண் ‘க்ராவெம்’, பெண் ‘க்ராவாம்’. நான் முதலில் பக்கத்து வீட்டு ஆண்பிள்ளைகளிடம் கேட்டுப் பழகியதால் பல மாதம் ‘க்ராவெம்’ என்றே சொல்லிக்கொண்டிருந்தேன், யாரும் திருத்தவில்லை. கடைசியில் ஒரு பாட்டிதான் கையைப் பிடித்து நிறுத்திச் சொல்லிக்கொடுத்தார். தங்கச்சி கற்றுக்கொள்வதாக இருந்தால் பெண்குரலைக் கேட்டுப் பழகச் சொல்லுங்கள்.

ஐயாவின் இரண்டாவது கேள்வி எனக்கு மிகவும் பிடித்தது. அங்கேயும் கருவிக்கும் துணைக்கும் ஒரே வேற்றுமைதான் ஐயா! பேனாவால் எழுதுகிறேன் என்றால் வெறும் உருபு. அண்ணனோடு என்றால் அதே உருபு, முன்னால் ஒரு ‘ஸ்’. எங்கோ இருக்கிற மொழி, நம்மோடு எந்த உறவும் இல்லை, இந்த ஒரு இடத்தில் பக்கத்தில் வந்து உட்கார்ந்திருக்கிறது.

இது விளையாட்டுச் செய்தி படிக்கும்போது தேவைப்படும். ‘அவங்களோட வெளையாடறோம்’ என்றால் நம் பேச்சில் கூட்டாளியும் ஆகலாம், எதிரணியும் ஆகலாம். ‘க்ராமி ஸ் நிமி’யும் அப்படித்தான், இடத்தைப் பார்த்துப் புரிந்துகொள்ள வேண்டும். வாலிபால் உலக சாம்பியன்ஷிப் இறுதியில் பிரேசிலை 2014-இல் கத்தோவித்ஸெயில் 3–1, 2018-இல் இத்தாலியின் துரினில் 3–0 என்று போலந்து வென்றது. அதைச் சொல்வது ‘போல்ஸ்கா விக்ராவா ஸ் பிரஸில்யோன்’. 2024 பாரிஸ் ஒலிம்பிக் இறுதியில் பிரான்சிடம் தோற்றது: ‘போல்ஸ்கா ப்ஷெக்ராவா ஸ் ஃப்ரான்த்ஸ்யோன்’. நாம் பிரேசிலை வென்றோம், பிரான்சிடம் தோற்றோம் என்று உருபை மாற்றுகிறோம். அவர்களுக்கு வென்றாலும் தோற்றாலும் ‘ஓடு’தான். வித்தியாசம் வினையின் முன்னொட்டில் மட்டும், ‘வி’ வந்தால் வெற்றி, ‘ப்ஷெ’ வந்தால் தோல்வி. அவசரத்தில் கேட்டால் தலைகீழாகப் புரிந்துவிடும்.

எண்ணுக்கு ஒரு விஷயம், அணியைப் பற்றி எழுதும்போது கட்டாயம் வரும். நான்கு வரை ‘பையன்கள் விளையாடினார்கள்’ என்று பன்மையில் சொல்லலாம். ஐந்து தொட்டதும் பெயர் ஆறாம் வேற்றுமைப் பன்மைக்கும், வினை ‘விளையாடியது’ என்ற ஒருமைக்கும் போய்விடும். ‘ஷெஷ்ச்சு ஹ்வொப்சூஃப் க்ராவோ’, ஆறு பையன்கள் விளையாடினார்கள். ‘அஞ்சு மாடு மேயுது’ என்று நாம் ஒருமையில் முடிப்பதை நினைத்துக்கொள்ளுங்கள்.

திருப்பூர் மெர்ச்சண்டைசர்

அக்கா, பையருக்கு மெயில் போடும்போது ‘பான்’, ‘பானி’ போட்டுப் படர்க்கையில் எழுத வேண்டும் என்பது எனக்கு ஆரம்பத்தில் வினோதமாக இருந்தது. ‘ஐயா விளையாடுகிறாரா’ என்று நேரில் இருப்பவரிடமே கேட்பது. நம் ஊர் ‘ங்க’ மாதிரி என்று வைத்துக்கொண்டேன், அதற்குப் பிறகு விடுவதே இல்லை. தம்பி, சேக்காளிகளிடம் வேண்டாம், ஆசிரியரிடம் கட்டாயம் போடுங்க.

பல்லடத்துத் தம்பி

தோள்பட்டை சரியாகிவிட்டது. நேற்று ஆடினோம். அணியில் மூன்று பெண்கள், என்னோடு மூன்று ஆண்கள். வீட்டுப்பாடத்துக்கு இதை எழுதியிருக்கிறேன், பார்த்துச் சொல்லுங்க்கா:

ஃப் சொபொத்தெ க்ராலிஷ்மி ஃப் ஷத்குஃப்கெ. நியெ ப்ஷெக்ராலிஷ்மி.

(சனிக்கிழமை வாலிபால் விளையாடினோம். தோற்கவில்லை.)

‘சொபொத்தா’ சனிக்கிழமை. அதற்கு முன்னாலும் ‘ஃப்’ வருவதால் இரண்டாம் வேற்றுமை போட்டேன். சரியா என்று தெரியவில்லை.

கோபி அக்கா

சரி. கிழமைக்கும் ‘ஃப்’ இரண்டாம் வேற்றுமைதான் கேட்கும். ஒரு ‘ஃப்’ நாளைப் பிடித்திருக்கிறது, இன்னொரு ‘ஃப்’ ஆட்டத்தைப் பிடித்திருக்கிறது. எழுதும்போது இரண்டு பெயரிலும் கடைசி எகரத்துக்குக் கீழே வால் போட மறக்காதீர்கள். வாயில் அது வெறும் ‘எ’ மாதிரிதான் வரும், காதை நம்பி எழுதினால் அங்கேதான் மார்க் போகும்.